பழைய வில்லிஸ் ஜீப்பில் உடைந்த வீல் ஸ்டட்டை மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

வில்லிஸ் சிஜே2ஏ, சிஜே3ஏ, சிஜே3பி, அதே வடிவில் இங்கே மஹிந்திரா தயாரித்த சிஜே3பி ஆகிய வண்டிகளை வைத்து இதை எழுதுகிறேன். சக்கரத்தை ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், பிடித்திருக்கும் மரைக் கம்பிதான் ஸ்டட்; அதன் மேல்தான் நட்டு ஏறும். சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட். அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டம் 5.5 அங்குலம், அதாவது 139.7 மி.மீ. மரை அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் சுத்தியலில் இருந்து தொடங்குகிறார்கள். உடைந்த துண்டைத் தட்டி வெளியே தள்ளி, கடையில் கிடைத்த ஸ்டட்டை உள்ளே அடித்து, நட்டை முறுக்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த ஜீப்பில் அப்படிச் செய்தால் ஹப்பும் போகும், பிரேக் டிரம்மும் போகும். ஸ்டட் சில நூறு ரூபாய் சமாச்சாரம். நல்ல நிலையில் ஒரு பழைய ஹப் தேடி அலைவது அப்படியல்ல. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. மரை எந்தப் பக்கம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஓட்டுநர் முன்னோக்கி உட்கார்ந்தால் அவருக்கு இடக்கைப் பக்கம் இருக்கும் இரண்டு சக்கரங்களிலும் இந்த ஜீப்புக்குப் பெரும்பாலும் இடது மரை. நம் நாட்டு வண்டியில் அது ஓட்டுநர் உட்காராத பக்கம். முன்னோக்கி ஓடும் சக்கரம் நட்டைத் தளர்த்திவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்கள். இடது மரையில் நட்டைக் கழற்ற கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும்.

உடைந்த ஸ்டட்டோடு பட்டறைக்கு வரும் ஜீப்புகளைக் கவனித்தால், ஓட்டத்தில் உடைந்ததைவிடக் கையால் உடைத்ததுதான் அதிகம். பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் நட்டு வரவில்லை என்று வீல் ஸ்பேனரில் குழாயை மாட்டி ஏறி மிதிப்பார்கள். மிதிப்பது இறுக்கும் திசையில். பாவம், ஸ்டட் எவ்வளவுதான் தாங்கும்?

இடது மரை ஸ்டட்டின் தலையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து குத்தப்பட்டிருக்கும். ஆனால் தலை டிரம்முக்கு உள்ளே இருக்கிறது, வெளியிலிருந்து தெரியாது. அதனால் நட்டைப் பாருங்கள். ஆறு பட்டைகளையும் சுற்றி ஒரு காடி வெட்டியிருந்தால், அல்லது முகத்தில் 'லெஃப்ட்' என்று இருந்தால், அது இடது மரை.

நட்டு ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம். ஸ்டட்டின் மரையைத் துடைத்துவிட்டு, அதன் நுனி மேலே இருப்பதாக வைத்துப் பாருங்கள். கோடுகள் வலப்பக்கம் ஏறினால் வலது மரை, இடப்பக்கம் ஏறினால் இடது மரை. ஐந்தையும் பாருங்கள். ஒரே ஹப்பில் மூன்று இடது, இரண்டு வலது என்று கலந்து போட்ட வண்டிகள் உண்டு. அடுத்த முறை இன்னொரு ஸ்டட் உடைவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

2. ஏன் உடைந்தது என்று துண்டிடமே கேளுங்கள்

உடைந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி பழுப்பேறிப் பழசாகவும், மீதி சாம்பல் நிறத்தில் புதிதாகவும் இருந்தால், விரிசல் முன்பே விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. நட்டு லூஸாக ஓடிய வண்டியில் இதுதான் நடக்கும். கழுத்து மெலிந்து, மரை முறுக்கிக்கொண்டு, முகம் முழுக்கப் புதிதாக இருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியதால் அறுந்தது.

முதல் வகை என்றால் ஐந்து ஸ்டட்டையும் மாற்றுங்கள். ஒன்று போன பிறகு மற்ற நான்கும் அதன் பாரத்தைச் சேர்த்துச் சுமந்திருக்கின்றன. அவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ரிம்மின் துளைகளையும் பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தாலோ, நட்டு உட்காரும் கூம்பு தேய்ந்திருந்தாலோ, அந்த ரிம்மைத் தள்ளி வையுங்கள். அதே ரிம்மை மாட்டினால் புது ஸ்டட்டும் அதே வழியில் போகும்.

இரண்டாம் வகையாக இருந்தாலும் நான் ஐந்தையும்தான் மாற்றுவேன். ஒன்றை அறுக்கும் அளவுக்கு முறுக்கிய கை மற்ற நான்கை மட்டும் மென்மையாகத் தொட்டிருக்காது.

3. வண்டியைத் தூக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்டட்டும் நட்டும் வந்து சேராமல் ஹப்பைக் கழற்றாதீர்கள். கழற்றிப் போட்டுவிட்டு உதிரிப்பாகம் தேடுபவர்கள்தான் கடைசியில் "இது சேரும்ணே" என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்கிவிடுகிறார்கள்.

அப்படி நீட்டப்படுவதில் மிக ஆபத்தானது எம்12, 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) ஸ்டட். ஜீப் நட்டின் பிட்ச் 1.27 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் அரை அங்குல நட்டு அந்த ஸ்டட்டில் தடையில்லாமல் ஏறிவிடும். ஆனால் ஸ்டட்டின் விட்டம் 12.7க்குப் பதில் 12 மி.மீ. மரையின் நுனி மட்டும்தான் கவ்வியிருக்கும். கையால் ஏற்றும்போதே நட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லேசாகத் தடதடக்கும். இறுக்கும்போது பிடித்தது போலத் தோன்றும், வளைவில் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். கடைக்கே வெர்னியர் காலிப்பரும் மரை கேஜும் கொண்டு போங்கள்.

ஸ்டட்டில் பார்க்க வேண்டிய அளவுகள்: மரை, அதன் திசை, தலைக்குக் கீழே வரிவரியாக இருக்கும் நர்லிங்கின் விட்டம், அதன் நீளம், மொத்த நீளம். நர்லிங் விட்டம் ஹப் துளையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். 0.15 முதல் 0.25 மி.மீ. வரை கூடுதல் என்றால் நன்றாகப் பிடிக்கும்.

லேத் பட்டறையில் சாதாரணக் கம்பியைக் கடைந்து ஸ்டட் செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஃபோர்ஜ் செய்து, மரையை உருட்டி எடுத்த ஸ்டட்டின் உறுதி, மரையை வெட்டி எடுத்த கம்பிக்கு வராது. உயிரைத் தாங்குகிற பாகம் இது.

இடது மரை ஸ்டட் கிடைக்கவில்லை என்றால் இடப்பக்கம் இரண்டு சக்கரங்களையும் மொத்தமாக வலது மரைக்கு மாற்றலாம். பத்து ஸ்டட், பத்து நட்டு, ஒன்றுவிடாமல். பலபேர் கையில் ஓடும் எஸ்டேட் ஜீப்புக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. அசல் நிலையில் மீட்டெடுக்கும் வண்டி என்றால் இடது மரையைத் தேடிப் பிடித்துப் போடுங்கள்.

மற்றபடி: இரண்டு உறுதியான ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடைகட்டை, துரு இளக்கும் ஆயில், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), சர்க்கிளிப் பிளையர், வீல் பேரிங் நட்டுக்கான பெட்டி ஸ்பேனர், பின் ஹப்புக்கு மூன்று கால் புல்லர், டயல் கேஜ், சென்டர் பஞ்ச், புது ஸ்பிலிட் பின், புது ஆயில் சீல், வீல் பேரிங் கிரீஸ். ஹைட்ராலிக் பிரஸ் வீட்டில் இருக்காது. பக்கத்து லேத் பட்டறையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. நட்டைத் தளர்த்துவது தரையில்தான்

முதல் நாள் இரவே நட்டுகளுக்கு ஆயில் அடித்து விடுங்கள். காலையில் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முழு பலத்தைக் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவும்.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றினால் நர்லிங் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை. நட்டு பிளக்கும் கருவியால் பிளக்கலாம். இடம் இல்லையென்றால் ஸ்டட்டின் மையத்தில் பஞ்ச் வைத்து, சிறிய டிரில்லில் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நட்டு தானாக விடும்.

காற்றடித்த டயர் இருக்கும்போது ரிம்மிலோ ஸ்டட்டிலோ கேஸ் வைத்துச் சுட வைக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூடேறி டயர் வெடிக்கும். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பின் சக்கரம் என்றால் இன்னொரு வேலையும் தரையில் இருக்கும்போதே முடிய வேண்டும். ஹப் மூடியை எடுத்து, ஸ்பிலிட் பின்னை உருவி, ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். இது குறைந்தது 150 அடி-பவுண்டு இறுக்கத்தில் இருக்கும் நட்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இதைக் கழற்ற முடியாது.

அப்புறம் அடைகட்டை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை நீட்டக் கூடாது.

5. ஹப்பை டிரம்மோடு வெளியே எடுப்பது

சில கார்களில் டிரம் தனியாகக் கழன்றுவிடும், ஸ்டட்டை அங்கேயே பின்பக்கம் தள்ளிவிடலாம். இந்த ஜீப்பில் டிரம் ஹப்புக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டையும் ஊடுருவி இந்த ஐந்து ஸ்டட்டுகள்தான் பிடித்திருக்கின்றன. ஆகவே ஹப்பும் டிரம்மும் ஒன்றாகத்தான் வரும்.

முதலில் பேக்கிங் பிளேட்டுக்கு (பிரேக் ஷூவைத் தாங்கும் தகடு) பின்னால் இருக்கும் அட்ஜஸ்டர்களைத் திருப்பி பிரேக் ஷூவை உள்ளே வாங்குங்கள். பழைய டிரம்மில் ஷூ ஓடி ஓடி ஒரு விளிம்பு விழுந்திருக்கும். ஷூவை வாங்காமல் இழுத்தால் அதில் மாட்டும்.

முன் சக்கரம்: மூடியை எடுத்து, ஆக்ஸில் நுனியில் இருக்கும் சர்க்கிளிப்பைக் கழற்றி, டிரைவ் ஃபிளாஞ்சின் ஆறு போல்ட்டுகளை எடுங்கள். ஃபிளாஞ்சுக்குப் பின்னால் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) இருந்தால் அதே எண்ணிக்கையில் பத்திரப்படுத்துங்கள். அடுத்து மடித்து விட்டிருக்கும் பூட்டு வாஷரை நிமிர்த்தி, வெளி நட்டு, வாஷர், உள் நட்டு என்ற வரிசையில் கழற்றுங்கள். வெளிப் பேரிங் கீழே மண்ணில் விழாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பின் சக்கரம்: பெரும்பாலான வண்டிகளில் ஹப் கூம்பு வடிவ ஆக்ஸிலில் சாவியோடு (ஆக்ஸிலையும் ஹப்பையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் சிறு இரும்புத் துண்டு) இறுகியிருக்கும். பழைய சிஜே2ஏக்களில் சிலவற்றுக்கு முழு மிதவை ஆக்ஸில் (வண்டியின் பாரத்தை ஆக்ஸில் சுமக்காத அமைப்பு), அது ஏறக்குறைய முன் சக்கரம் போலவே கழலும். கூம்பு ஆக்ஸிலுக்குப் புல்லர்தான் வழி. ஆக்ஸில் நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனிக்குச் சமமாகச் சில சுற்று விட்டு வையுங்கள். இறுகிய ஹப் விடும்போது துப்பாக்கி வெடித்தது போலச் சத்தத்தோடு பாயும். அந்த நட்டு இல்லையென்றால் ஹப்பும் புல்லரும் சேர்ந்து உங்கள் காலில் வந்து விழும்.

புல்லரை இறுக்கி வைத்துக் காத்திருங்கள், மறுபடி இறுக்குங்கள். ஆக்ஸில் நுனியில் சுத்தியலால் அடிக்காதீர்கள். அடி நேராக உள்ளே இருக்கும் பேரிங்குக்குப் போகும், நுனி மரையும் நசுங்கும். நட்டைத் தளர்த்திவிட்டு வண்டியை ஓட்டினால் ஹப் தானாக விடும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பிரேக் டிரம்மை ஆட்டம் காண வைத்துச் சாலையில் ஓட்டச் சொல்லும் யோசனை அது, கேட்காதீர்கள்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

6. பழைய ஸ்டட்டை எடுப்பது: முதலில் உதட்டை வெட்டுங்கள்

இந்த வேலையில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தொழிற்சாலையில் ஸ்டட்டை உள்ளிருந்து அடித்து ஏற்றிய பிறகு, ஹப்பின் வெளி முகத்தில் துளையைச் சுற்றி இருக்கும் சரிவுக்குள் அதன் தோள் விரிந்து பரவும்படி பஞ்சால் தட்டியிருப்பார்கள். மரையின் அடியில் துருவையும் பெயிண்டையும் சுரண்டிப் பார்த்தால், ஸ்டட்டைச் சுற்றி மெல்லிய வளையமாக ஓர் உதடு தெரியும். அதை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டட்டைப் பின்பக்கம் தள்ளினால், விரிந்த இரும்பு துளை முழுக்க உரசிக்கொண்டு போகும். துளை பெரிதாகிவிடும், புது ஸ்டட் அதில் பிடிக்காது. ஹப் வீணாவது இப்படித்தான்.

அதனால் ஸ்டட்டை ஹப் முகத்துக்குச் சமமாக அறுத்துவிடுங்கள். நடுவில் பஞ்ச் வைத்து, சிறிய டிரில்லில் தொடங்கி, உதடு இருக்கும் ஆழம் வரை மட்டும் பெரிதாக்குங்கள். மூன்று நான்கு மி.மீ. ஆழம் போதும். உதடு வளையமாகக் கழன்று வந்துவிடும் அல்லது காகிதம் போல மெலிந்துவிடும். டிரில் ஹப்பின் இரும்பைத் தொடக் கூடாது. கை டிரில்லில் மையம் தவறும் என்று தோன்றினால் லேத்காரரிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்து டிரம்முக்கும் ஹப்புக்கும் பொதுவாக ஒரு பஞ்ச் அடையாளம் வையுங்கள். ஐந்தையும் ஒரேயடியாக எடுக்காமல் ஒன்றை எடுத்து ஒன்றைப் போடுங்கள். மற்ற நான்கும் பிடித்திருப்பதால் டிரம் இடம் மாறாது.

பிரஸ்ஸில் வைக்கும்போது, எந்த ஸ்டட்டைத் தள்ளுகிறீர்களோ அதன் தலை நுழையும் அளவுக்கு ஒரு கெட்டிக் குழாயை அதற்கு நேர் கீழே முட்டுக் கொடுங்கள். டிரம்மின் விளிம்பில் தாங்க வைத்து அழுத்தினால் டிரம் வளையும். வார்ப்பிரும்பு டிரம் என்றால் விரிசலே விழும்.

பிரஸ் இல்லாமல் பெரிய சுத்தியலால் அடிப்பதை நான் ஏற்க மாட்டேன். உடைந்த ஸ்டட்டின் மேல் புதுக் கம்பியை வெல்டிங் வைத்து ஒட்டுவதையும்தான். வெல்டிங் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். அடுத்த முறை அங்கேதான் உடையும், ஹப்பும் சேர்ந்து கெடும்.

7. புது ஸ்டட்டை ஏற்றுவது

துளையைத் துடைத்து அளந்து பாருங்கள். புது ஸ்டட்டைக் கையால் தள்ளும்போது நர்லிங் தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். கை பலத்திலேயே நர்லிங் முழுக்க உள்ளே போய்விட்டால் துளை தளர்ந்துவிட்டது. பெரிய நர்லிங் உள்ள ஸ்டட் போட வேண்டும், அல்லது வேறு ஹப். பசை தடவிச் சமாளிக்க வேண்டாம்.

பழைய துளையில் நர்லிங்கின் வரித்தடங்கள் இருந்தால், புது ஸ்டட்டை மெதுவாகத் திருப்பி அந்தத் தடத்தில் விழவிடுங்கள். பிறகு டிரம்மின் உள்பக்கமிருந்து நேராக அழுத்துங்கள். தலை டிரம்மில் முழுக்கப் படிந்ததா என்று மெல்லிய ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். தலை அரை மி.மீ. தூக்கி நின்றாலும், ஓட ஓட அது உட்காரும், அப்போது நட்டு லூஸாகும்.

பிரஸ் இல்லாதவர்கள் நட்டைப் போட்டு முறுக்கியே ஸ்டட்டை இழுத்து ஏற்றுவதுண்டு. வேறு வழியே இல்லையென்றால் செய்யலாம், ஆனால் அதற்கென்று ஒரு தனி நட்டு, அடியில் கிரீஸ் தடவிய தடித்த வாஷர்கள், கை ஸ்பேனர் மட்டும். காற்றுத் துப்பாக்கி கூடாது. அந்த நட்டைப் பிறகு சக்கரத்தில் போடாதீர்கள், அதன் மரை இழுபட்டிருக்கும்.

அசல் வகைத் தோள் உள்ள ஸ்டட் என்றால், தலைக்குக் கீழே கெட்டி இரும்புத் துண்டை முட்டாக வைத்து, வெளிப்பக்கம் தோளை ஹப்பின் சரிவுக்குள் பஞ்சால் சுற்றிலும் தட்டி விரியுங்கள். தோள் இல்லாத, நர்லிங் மட்டும் உள்ள ஸ்டட்டில் விரிக்க எதுவும் இல்லை. அதை நர்லிங்கின் பிடியே தாங்கும்.

8. டிரம் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள்

வில்லிஸ் சர்வீஸ் மேனுவல்படி டிரம் முகத்தின் ஆட்டம் 0.030 அங்குலத்துக்குள், ஏறக்குறைய 0.76 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மீறினால் ஸ்டட்டுகளைத் திரும்ப உட்கார வைக்கச் சொல்கிறது. லேத் பட்டறையில் இருக்கும்போதே டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். வண்டியில் மாட்டிய பிறகு பிரேக் மிதி துடிக்கும்போது கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

9. ஹப்பைத் திரும்பப் பூட்டுவது

பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் திணித்து, புது சீல் போடுங்கள். பழைய சீலைத் திரும்பப் போட்டால் ஆயில் கசிந்து லைனிங் நனையும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இடது மரை ஹப் இடப்பக்கம்தான் போகிறதா என்று இப்போது மறுபடி பாருங்கள்.

முன் சக்கரத்தில் உள் நட்டை, ஹப்பைச் சுற்றிக்கொண்டே, இறுகிப் பிடிக்கும் வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று திருப்பித் தளர்த்துங்கள். ஹப் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. வாஷர், வெளி நட்டு போட்டு வாஷரை மடித்துவிடுங்கள்.

பின் சக்கரத்தில் ஆக்ஸிலின் கூம்பையும் ஹப்பின் உள்ளையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, சாவியோடு ஏற்றுங்கள். நட்டை 150 அடி-பவுண்டு, அதாவது சுமார் 200 நியூட்டன் மீட்டர், இறுக்கிய பிறகு ஸ்பிலிட் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். பின்னுக்காக நட்டைத் தளர்த்தினால் கூம்பின் பிடி போய், மொத்தச் சுமையும் அந்தச் சின்னச் சாவியின் மேல் விழும்.

இந்த இறுதி இறுக்கத்தைச் சக்கரம் மாட்டித் தரையில் இறக்கிய பிறகு கொடுங்கள். பிரேக் அட்ஜஸ்டரைச் சரி செய்ய மறக்க வேண்டாம்.

10. சக்கரம் மாட்டுவது

ரிம் உட்காரும் முகத்தையும் நட்டுக் கூம்பையும் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த ரிம்மில் இது ரொம்ப முக்கியம். கூம்பில் தடித்த பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, நட்டு தானாகத் தளரும்.

மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். டார்க் அளவுகள் உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்டவை. எண்ணெய் பட்டால் அதே டார்க்கில் ஸ்டட் அதிகம் இழுபடும்.

கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்க்க, ஐந்து நட்டையும் விரலால் ஏற்றுங்கள். விரலால் நான்கைந்து சுற்று போகாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். அப்புறம் ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள்: 1, 3, 5, 2, 4. முதல் சுற்றில் 30, அடுத்ததில் 60, தரையில் இறக்கியபின் 90 முதல் 100 நியூட்டன் மீட்டர். ஒரே நட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரிம் கோணலாக உட்காரும்.

50 கிலோமீட்டர் ஓட்டியதும் சக்கரம் ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் நகரும், அது இயல்பு. 100, 200 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள். மூன்றாவது முறையும் அதே நட்டு நகர்ந்தால் அந்த ஸ்டட்டின் தலை படியவில்லை அல்லது ரிம் துளை தேய்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், இறுக்கிக்கொண்டே ஓட்டாதீர்கள்.

இடப்பக்கச் சக்கரங்களுக்கு மேல் மட்கார்டின் உள்பக்கம் 'இடது மரை' என்று பெயிண்டில் எழுதி, நட்டு கழலும் திசைக்கு ஓர் அம்பும் போட்டு வையுங்கள். வலது மரைக்கு மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். இடது மரை நட்டு இரண்டு, ஸ்டட் ஒன்று, வண்டியின் டூல் பெட்டியிலேயே இருக்கட்டும். மலைப்பாதையில் பஞ்சர் ஆகும்போது அதைத் தேட எந்தக் கடையும் இருக்காது.